கைநாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம்

"ஆப்பரேசனுக்கு முன்னால் டாக்டர் என்ன சொன்னார்?"

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று நம் காலனிகளில் வயிற்றில் தழும்போடு வாழும் அம்மாக்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், தோழர்களே. நமக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்." எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், வேறு வழி இருந்ததா, இனி எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டால் பதில் இருக்காது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்பதுகூடத் தெரியாமல் இருபது வருடம் வாழ்ந்தவர்கள் நம்மிடையே உண்டு.

"படிக்காத ஜனங்க, சொன்னாலும் புரியாது" என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளில் சிலரே அப்படிச் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை அதை மறுப்பதற்காக எழுதப்படுகிறது. புரியாமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சொல்லாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். சொன்னால் புரியும் என்பதை நிரூபித்தவர்களும் இருக்கிறார்கள், அதுவும் நம் தேனியிலேயே.

தெர்மாமீட்டர் கைமாறிய தூரம்

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு பள்ளி ஆசிரியரின் கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார். கத்தியவாரைச் சேர்ந்த அந்தத் தீண்டப்படாத ஆசிரியரின் கடிதம் 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் வெளியானது. குழந்தை பெற்ற இரண்டாம் நாள் அவர் மனைவிக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு கெஞ்சிக் கேட்ட பிறகு, சேரிக்கு வெளியே வந்து நிற்கிறார். அவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்துவிட்டு அதே வழியில் திருப்பிக் கொடுக்கிறார். மருத்துவர் நோயாளியைத் தொடவே இல்லை. நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

இதைத் தீண்டாமைக் கொடுமை என்று மட்டும் நாம் படித்துவிட்டுப் போகிறோம். அந்த அம்மாவின் பக்கம் நின்று ஒரு முறை பாருங்கள். தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வழியே இல்லை. மருத்துவருக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு பேர், ஒரு சேரி எல்லை. அந்தத் தூரத்தில் பேச்சு என்பதே நடக்காது.

1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், பின்னாளில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதை அதன் 5ஆவது பிரிவு குற்றமாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழையவிடாமல் தடுப்பதைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பெரிய வெற்றிகள் இவை. வாசல் திறந்தது. ஆனால் உள்ளே போனவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. தெர்மாமீட்டர் நேரடியாக வந்துவிட்டது. வார்த்தை இன்னும் நர்ஸ், அட்டெண்டர், கூட வந்த கணவர் என்று கைமாறித்தான் வருகிறது.

ஆள் பிடித்த காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு ஏழைகளின் உடம்பில் அரசு பெருமளவில் செய்த அறுவை சிகிச்சை எது? குடும்பக் கட்டுப்பாடு. அதில் சென்னை மாகாணம் முன்னோடி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசுவாமி பிறகு இங்கே தலைமைச் செயலாளரானார். 1950களின் பிற்பகுதியில், கருத்தடை செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. ஆளை அழைத்து வருபவருக்கும் பணம் கொடுத்தார்கள். இப்படி ஒரு தரகர் கூட்டம் உருவானது. இந்தத் தரகர்களைப் பற்றி 1960களிலேயே வெளிநாட்டு ஆய்விதழ்களில் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

ஒரு மனிதருக்கு அறுவை சிகிச்சையைப் பற்றி முதலில் சொல்பவர், அவரை அழைத்துப் போனால் தனக்குக் காசு கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவர். அவர் எதைச் சொல்வார், எதை மறைப்பார்? 'மறுபடி குழந்தை வேண்டுமென்றால் என்ன செய்வது', 'காய்ச்சல் வந்தால் எங்கே போவது' என்ற கேள்விகளுக்கு அங்கே இடம் ஏது? மருத்துவரைப் பார்க்கும் முன்பே முடிவு முடிந்துவிட்டது.

நெருக்கடி நிலைக் காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் சுமார் 82 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. கருத்தடையோடு தொடர்புடைய 1,774 மரணங்களை ஷா கமிஷன் பதிவு செய்தது. கல்யாணமே ஆகாதவர்களுக்கும் செய்யப்பட்டதாக நூற்றுக்கணக்கான புகார்கள் அதன் முன் வந்தன. ஏழைகளும் தலித்துகளும் முஸ்லிம்களும்தான் அதிகம் சிக்கினார்கள்.

நெருக்கடி நிலைக்குப் பிறகு ஆண்களைத் தொட அரசியல்வாதிகள் பயந்தார்கள். சுமை பெண்கள் மேல் விழுந்தது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களில் ஆயிரத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம். நம் அம்மாக்கள் வாழ்க்கையில் போட்ட முதல் 'சம்மதக் கையெழுத்து' பெரும்பாலும் பிரசவ வார்டில், வலிக்கும் மயக்கத்துக்கும் நடுவில் போட்டதுதான்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தது. "உங்களுக்குக் கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொன்னார்கள். முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்ததை 'சிறப்பு இலவசச் சிகிச்சை' என்று கடிதம் போட்டு அழைத்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. நோயாளியின் சம்மதம் என்றால் என்ன என்று உலக மருத்துவம் இன்று பாடம் நடத்துகிறது. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் யூதர்களும் கறுப்பினத்தவரும் நம்மைப் போன்றவர்களும்.

தேனியில் ஒரு வேறு வழி

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மதுரைக்கு வெளியே அதன் முதல் கிளைகளில் ஒன்று 1985இல் தேனியில் வந்தது. கிராமங்களில் முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களைக் கண்டறிந்து, பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போய், இலவசமாக ஆப்பரேசன் செய்து திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர்கள் முறை.

ஆனால் இலவசம் என்று சொன்னதும் ஊரே வந்துவிடவில்லை. இது ஏன் என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். மதுரை வட்டாரக் கிராமங்களில் நடந்த, 1991இல் வெளியான ஓர் ஆய்வில், ஊர்களைப் பிரித்து வெவ்வேறு வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வழி, ஏற்கெனவே கண் ஆப்பரேசன் செய்துகொண்ட ஒருவரை வீடு வீடாக அனுப்பிப் பேச வைப்பது. இன்னொரு வழி, சாப்பாட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் மருத்துவமனையே ஏற்பது. செலவு முழுவதையும் ஏற்ற ஊர்களில் கூடுதலானோர் வந்தார்கள். 1999இல் வெளியான இன்னொரு ஆய்வு, கண்ணில் கோளாறு இருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேர்தான் முகாமுக்கு வந்தார்கள் என்று காட்டியது. மற்றவர்களைத் தடுத்தவற்றில் பயம் இருந்தது, கூலி இழப்பு இருந்தது, வீட்டுப் பொறுப்பு இருந்தது. எல்லாமே ஒருவர் உட்கார்ந்து பேசியிருந்தால் வெளியே வந்திருக்கக்கூடிய காரணங்கள்.

1990களில் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் பரவலானது. 1992இல் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதுவரை ஆப்பரேசன் முடிந்தால் சோடாபுட்டிக் கண்ணாடி, அவ்வளவுதான். இப்போது எந்த லென்ஸ், என்ன விலை, எத்தனை நாள் தங்க வேண்டும், எப்போது தலைக்குக் குளிக்கலாம், எப்போது வேலைக்குப் போகலாம் என்று சொல்ல வேண்டியவை கூடிவிட்டன. டாக்டருக்கு அதற்கு நேரமில்லை. அதற்கென்றே ஆலோசகர்கள் என்ற தனிப் பணியை உருவாக்கினார்கள். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டர் "ஆப்பரேசன் செய்யணும்" என்று சொன்னதும், நோயாளி நேராகப் படிவத்துக்குப் போவதில்லை. இந்தப் பெண்ணிடம் போகிறார். அவர் நோயாளியின் பேச்சுத் தமிழில் பேசுகிறார். பயத்தைக் கேட்கிறார். வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கிறார்.

எந்த மருத்துவமனையையும் கும்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே வந்தவர்களும் அதே படிக்காத, கைநாட்டு வைக்கிற, கூலிக்காரக் கிழவன் கிழவிகள்தான். சொல்வதை ஒருவரின் வேலையாக்கி, அதற்கு நேரமும் சம்பளமும் ஒதுக்கினால் அவர்களுக்குப் புரியும். 'சொன்னாலும் புரியாது' என்ற வாதம் நம் தேனியிலேயே உடைந்து கிடக்கிறது.

நீதிமன்றம் சொன்னதும் சொல்லாததும்

சட்டம் என்ன சொல்கிறது? 44 வயதான, திருமணமாகாத சமீரா கோலி என்ற பெண் 1995 மே மாதம் டெல்லியில் ஒரு மருத்துவரிடம் போனார். லேப்ராஸ்கோப்பி மூலம் என்ன கோளாறு என்று பார்ப்பதற்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது. வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய பெண்ணுக்காக அவள் அம்மா சம்மதம் தர முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்தான் விதிவிலக்கு. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், வேறு வழிகள், முக்கியமான ஆபத்துகள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும்.

நல்ல தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பில் நம்மைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. எவ்வளவு தகவல் சொல்ல வேண்டும் என்ற அளவை அமெரிக்காவைப் போல உயர்த்த நீதிமன்றம் மறுத்தது. இந்திய நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள், மருத்துவச் சொற்கள் அவர்களுக்கு விளங்காது, அவர்களுக்குச் சம்மதம், தேர்வு என்பவற்றுக்கெல்லாம் பொருளே இல்லை என்ற நிலைமையை அதற்கு ஒரு காரணமாகக் காட்டியது.

யோசித்துப் பாருங்கள் தோழர்களே. நூற்றாண்டுகளாக நமக்குப் பள்ளிக்கூடத்தை மறுத்தார்கள். படிக்காததால் புரியாது என்றார்கள். புரியாததால் குறைவாகச் சொன்னால் போதும் என்கிறார்கள். எழுத்தறிவு குறைந்தவரிடம் அதிக நேரம் பேச வேண்டும் என்பதுதானே நியாயம்? குறைவாகப் பேசலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

எட்டு ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றம் வேறு குரலில் பேசியது. 2012 ஜனவரி 7 அன்று பீகாரின் அரரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், இரவு நேரத்தில், இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை செய்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் செய்தார்கள்; அந்த மாவட்டத்தில் அப்போது நடந்த முகாம்களுக்குப் பிறகு 13 பேர் இறந்தார்கள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள் அவர்கள். 2016 செப்டம்பர் 14 அன்று வந்த தீர்ப்பு, இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. அதோடு, படிவத்தில் இருப்பதை அந்த நபருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், மனம் மாற விரும்பினால் மாற்றிக்கொள்ளச் சுமார் ஒரு மணி நேரமாவது யோசிக்க விட வேண்டும் என்றது.

ஒரு மணி நேரம். நம் சமூகத்துப் பெண்களுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் யோசிக்க நேரம் வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்ல 2016 வரை ஆகியிருக்கிறது. கருத்தடைக்காகச் சொன்னதுதான் அது. ஆனால் கர்ப்பப்பையை எடுப்பதற்கும் குடலிறக்கத்துக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் அதே நியாயம் பொருந்தாதா?

மறதி நம் குற்றமல்ல

"சொன்னோம், அவங்கதான் மறந்துட்டாங்க" என்பது இன்னொரு பதில். மறதி பற்றி ஆய்வு சொல்வதைப் பாருங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ராய் கெசல்ஸ் 2003இல் எழுதிய கட்டுரையின்படி, மருத்துவர் சொல்வதில் நூற்றுக்கு 40 முதல் 80 பங்கு வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள். நினைவில் இருப்பதிலும் ஏறக்குறையப் பாதி தவறாக நினைவிருக்கிறது. படித்தவர்களும் மறக்கிறார்கள். "கட்டி" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அதற்குப் பிறகு சொன்னது எதுவும் ஏறாது. பிரிட்டனில் பிலிப் லே என்ற உளவியலாளர் 1970களிலேயே இதற்கு வழி சொன்னார். முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். "இப்போது நோயைப் பற்றிச் சொல்கிறேன், அடுத்து சிகிச்சையைப் பற்றி, அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது" என்று பிரித்துச் சொல்லுங்கள். இன்று பல நாடுகளில் இன்னொரு படியும் சேர்ந்திருக்கிறது. சொல்லி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்காமல், "வீட்டுக்குப் போய் உங்கள் மகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், என்னிடம் சொல்லுங்கள்" என்று கேட்பது.

நம் ஊரில் "புரிந்ததா?" என்று டாக்டர் கேட்டால் தலை தானாக ஆடும். எதிரில் நிற்பவர் பெரியவர் என்றால் கேள்வி கேட்கக் கூடாது என்று நம் முதுகெலும்புக்கே சாதி கற்றுக் கொடுத்திருக்கிறது. அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

நம் பள்ளத்தாக்கின் நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் ஒரு நாள் ஓ.பி.க்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. கூடலூரிலிருந்து க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அருந்ததியர் வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பாட்டிகள் இருக்கிறார்கள். மலையில் பளியர் மக்கள் இருக்கிறார்கள். 'புரியும் மொழி' என்பது இவர்களுக்கு என்ன?

"வெறும் வயித்தோட வாங்க" என்று மட்டும் சொல்கிறார்கள். ஏன் என்று சொல்வதில்லை. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று ஒரு வரி சொன்னால் போதும், எந்த அம்மாவும் காலையில் டீ குடிக்க மாட்டார். சொல்லாததால் குடிக்கிறார், ஆப்பரேசன் தள்ளிப்போகிறது, இன்னொரு நாள் கூலி போகிறது, திட்டும் வாங்குகிறார்.

நம் வேலை

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் நம் மக்களின் உயிர்நாடி. அவற்றைத் தூற்றுவது நம் நோக்கமல்ல. ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் டாக்டரின் களைப்பும் நமக்குத் தெரியும். அதனால்தான் ஆலோசகர் என்ற பணியை அரசு மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைப் பிரிவுகளிலும் உருவாக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தப் பணிக்கு நம் காலனிகளில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பெண்களை எடுக்கச் சொல்ல வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் ஊரில் யாருக்காவது ஆப்பரேசன் என்றால் கூடப் போங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். இந்தக் கேள்விகளை முன்கூட்டியே அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள்:

1. எனக்கு என்ன நோய்? என் பேச்சில் சொல்லுங்கள்.
2. எதை வெட்டுவீர்கள், எதை எடுப்பீர்கள், எதை விடுவீர்கள்?
3. மருந்திலோ வேறு வழியிலோ சரியாகுமா? இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்?
4. என்ன ஆபத்து வரலாம்? எந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஓடி வர வேண்டும்?
5. எத்தனை நாள் வேலைக்குப் போகக் கூடாது? எவ்வளவு எடை தூக்கக் கூடாது?
6. தினமும் சாப்பிடும் சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?

பதிலை எழுதியதும் நீங்கள் படித்துக் காட்டாதீர்கள். நோயாளியையே டாக்டரிடமோ நர்ஸிடமோ திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நீங்கள் அவருக்குப் பதிலாகப் பேசிவிடக் கூடாது. டெல்லியில் அம்மாவிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்றால், காலனியில் தோழரிடம் வாங்கிய சம்மதமும் செல்லாது.

மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகள் சொல்கின்றன. கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். "எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல" என்று படிவத்தில் ஒரு வரி இருந்தால் பயப்படாதீர்கள். கவனக்குறைவை அந்த வரி மன்னித்துவிடாது. காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொண்டு, பேசாமலே தேதி குறிக்கும் தனியார் மருத்துவமனைகளில் இன்னும் விழிப்பாக இருங்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019இல் அரசுக் குழு விசாரித்தபோது, 82,309 கரும்பு வெட்டும் பெண்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. வேலை கெடாமலிருக்க எடுத்துவிடுங்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அவர்களில் பலர். நம் ஏலத்தோட்டத்துப் பெண்களுக்கு அப்படி நடக்கிறதா என்று நாம்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டு, எழுதி வைக்க வேண்டும்.

கத்தியவாரில் ஒரு அம்மாவுக்கு ஒரு கேள்வி கேட்கவும் வாய்ப்பில்லாமல் போய் நூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன. படிவம் நீட்டப்படும்போது நம் அம்மா பேனாவை வாங்குமுன் "கொஞ்சம் இருங்க டாக்டர், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கட்டும். அவர் கேட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நாம் நிற்போம்.

ஜெய் பீம்.